முதுகுக்குள்ள ஒரு கட்டி - தேடின கதை

புத்தூர்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரி ஒண்ணும் புதுசு இல்லை. பெரியாஸ்பத்திரி இங்கேதான். நால்ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு ஸ்கேன் சென்டர். "ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வந்துடுங்க"ன்னு டாக்டர் சாதாரணமா சொல்லிடறார். அந்தப் படமே இல்லாத காலத்துல, தண்டுவடத்துல வளர்ற கட்டியை எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கிற சந்தேகத்துல கொஞ்ச நாளா படிச்சுக்கிட்டிருந்தேன். படிச்ச வரைக்கும், இந்தக் கட்டிகளின் வரலாறு முக்கால்வாசி தேடின வரலாறுதான். வெட்டி எடுக்கிறது அதுக்கப்புறம்.

முதல்ல ஒரு விளக்கம். வேற இடத்துப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவுறது அடிக்கடி நடக்கிற விஷயம். நான் சொல்றது தண்டுவடத்திலோ அதன் உறையிலோ நரம்பு வேரிலோ தானாகவே முளைக்கிற கட்டி. இது அபூர்வம். வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருத்தருக்கு. பெரும்பாலும் புற்றுநோயும் கிடையாது. உறையில் வருவது மெனிஞ்சியோமா, பெண்களுக்கு அதிகம். நரம்பு வேரில் வருவது ஷ்வானோமா. தண்டுவடத்துக்கு உள்ளேயே வருவதில் பெரியவர்களுக்கு எபென்டைமோமாவும், குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமாவும் அதிகம். கட்டி சாதுதான், ஆனா இடம் பொல்லாதது. சுண்டுவிரல் தடிமன் உள்ள தண்டுவடம், சுத்தி எலும்பு. கட்டி வளர்ந்தா நசுங்குறது தண்டுவடம்தான்.

1887, லண்டன். கில்பி என்கிற ஒரு கேப்டன். முதுகுவலின்னு பல டாக்டர்களைப் பார்த்து, கடைசியில் இரண்டு காலும் விழுந்துபோன நிலையில் வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் டாக்டரிடம் வந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கவே இன்னும் எட்டு வருஷம் இருக்கு. கவர்ஸ் கையில் இருந்ததெல்லாம் கவனிப்புதான். வலி எங்கே ஆரம்பிச்சுது, தொட்டா எதுவரைக்கும் தெரியுது, எங்கேயிருந்து மரத்துப்போகுது? இதை வெச்சே 'கட்டி இங்கேதான்'னு கணக்குப் போட்டார்.

ஜூன் 9-ம் தேதி விக்டர் ஹார்ஸ்லி கத்தி எடுத்தார். கணக்குப்படி எலும்பைத் திறந்தா... ஒண்ணுமே இல்லை! அப்படியே மூடியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். இன்னும் கொஞ்சம் மேலே எலும்பை எடுத்துப் பார்த்தப்பதான் கட்டி கிடைச்சுது. நரம்பு தண்டுவடத்தில் கிளம்புற இடம் ஒண்ணு, எலும்பை விட்டு வெளியே வர்ற இடம் அதுக்குக் கீழே. அந்த வித்தியாசம்தான் ஆளை ஏமாத்துது. ஒரு வருஷத்துக்குள் கேப்டன் எழுந்து நடந்தார். தண்டுவடக் கட்டியைச் சரியாகக் கணித்து, வெற்றிகரமாக எடுத்த முதல் ஆபரேஷன் என்று இதைத்தான் சொல்றாங்க.

தண்டுவடத்துக்கு உள்ளேயே இருக்கிற கட்டிக்கு 1911-ல் நியூயார்க்கில் சார்லஸ் எல்ஸ்பர்க் ஒரு யோசனை சொன்னார். தண்டுவடத்தைக் கீறிவிட்டு ஒரு வாரம் காத்திருங்க, கட்டி தானே பிதுங்கி வெளியே வரும், அப்புறம் எடுங்க என்று. அவசரப்படாத வைத்தியம் :-)

தேடுறதுக்கு அடுத்த கருவி 1921-ல் வந்தது. பிரான்ஸில் சிக்கார்டும் ஃபாரஸ்டியரும் அயோடின் கலந்த எண்ணெயை முதுகுக்குள் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தாங்க. எண்ணெய் எங்கே தடைபட்டு நிக்குதோ அங்கே கட்டி. பிறகு பல பத்தாண்டுகள் இந்த மைலோகிராம்தான் உலகம் பூரா. ஊசி போட்டு, நோயாளியை மேஜையோடு சாய்த்து எடுப்பாங்க. அந்த எண்ணெய் சிலருக்கு உள்ளே அழற்சியை உண்டாக்கினதும் உண்டு.

நம்ம பக்கம் எப்போ? 1949-ல் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுவந்த பி. ராமமூர்த்தி மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார். நம்ம டெல்டாக்காரர்! 1951-ல் மெட்ராஸில் இந்திய நரம்பியல் கழகம் உருவானப்போ இரண்டு பேருமே அதில் இருந்தாங்க. அன்னிக்குத் திருச்சியில் ஒருத்தருக்குக் கால் விழுந்தா வேலூருக்கோ எழும்பூருக்கோ ரயில் ஏறணும்.

அவங்களுக்கு லண்டனைவிட ஒரு தலைவலி கூடுதல். நம்ம நாட்டில் கால் விழுந்தா முதல் சந்தேகம் முதுகெலும்புக் காசநோய். அதுவும் தண்டுவடத்தை நசுக்கும். கட்டியா, காசநோயான்னு பிரிச்சுப் பார்க்கிறதே பெரிய வேலை. ஒண்ணுக்குக் கத்தி, இன்னொண்ணுக்குப் பெரும்பாலும் மாத்திரை.

1980-களில் எம்.ஆர்.ஐ. வந்து தேடலை அரைமணி நேர வேலையாக்கியது. மைக்ராஸ்கோப் வெச்சு, நரம்பின் மின்சமிக்ஞையைக் கண்காணிச்சுக்கிட்டே இப்போ எடுக்கறாங்க. உறைக்கட்டி, வேர்க்கட்டி பெரும்பாலும் முழுசா வந்துடும். மிச்சம் இருந்தாலோ, வீரியமான வகையா இருந்தாலோ கதிர்வீச்சு.

ஆனா மிஷினுக்கு ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது சந்தேகப்படணுமே? எங்க தெரு அத்தை ஒருத்தருக்கு நெஞ்சைச் சுத்திக் கயிறு கட்டின மாதிரி வலி. ஒன்றரை வருஷம் வாயுன்னு மாத்திரை. ஒருநாள் காலிலிருந்து செருப்பு கழண்டது தெரியாமலே வீடு வரைக்கும் நடந்து வந்துட்டாங்க. அதைக் கேட்ட இன்னொரு டாக்டர்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெனிஞ்சியோமா. இப்போ கோலு ஊன்றி நடக்கறாங்க. ஆறு மாசம் முன்னாடி பிடிச்சிருந்தா கோலே தேவைப்பட்டிருக்காதோ என்னவோ.

ஆபரேஷனுக்குப் போகும்போது எந்த அளவுக்கு நடந்தாங்களோ, அதைப் பொறுத்துதான் பிறகு நடக்கறதும். இதை இன்னிக்கும் எந்த நரம்பியல் டாக்டரும் சொல்வார். படுத்தாலும், ராத்திரியிலும் விடாத முதுகுவலி, கால் மரமரப்பு, செருப்பு கழண்டா தெரியாதது, சிறுநீர் அடக்க முடியாதது - இதில் எது இருந்தாலும் தைலம் தேய்ச்சுக்கிட்டு உட்காராதீங்க. வீட்ல பெரியவங்க "ஒண்ணுமில்லப்பா, வாயு"ன்னு சொன்னா, செருப்பைப் பத்தி ஒரு கேள்வி கேட்டு வைங்க.