காலிழந்தவரின் முழங்கால்



இனிப்பு நீரால் காலில் புண் முற்றி, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் குடும்பமே இடிந்துபோகிறது. முழங்கால் மிஞ்சியதே என்று யாரேனும் ஆறுதல் கூறினால் கோபந்தான் வரும். ஆயினும் அந்த மூட்டின் அருமையை உணர மருத்துவ உலகுக்கே பல நூறு ஆண்டுகள் பிடித்தன.

முற்கால ஐரோப்பாவில் ஏழைகளுக்குக் கிடைத்தது மரக்கட்டைக் கால். முழங்கால் நன்றாக இருந்தாலும் அதை மடக்கிக் கட்டையின் மேல் ஊன்றியே நடந்தார்கள். இருந்த மூட்டும் வீணாயிற்று! 1696-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் பீட்டர் வெர்டைன் வேறு வழி கண்டார். தொடைக்குத் தோல் பட்டை, எஞ்சிய காலுக்குச் செம்புக் கூடு, இரண்டையும் இணைக்கக் கீல். முழங்கால் தானே மடங்கி நீண்டது. 1950-களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் உடற்பாரத்தைத் தாங்கும்படி கூடு அமைத்தனர். தொடைப்பட்டை பலருக்குத் தேவையற்றதாயிற்று.

சரி, அந்த மூட்டே தேய்ந்துவிட்டால்?

1890-இல் பெர்லினில் தெமிஸ்டொக்ளஸ் குளுக் யானைத் தந்தத்தால் மூட்டுச் செய்து பொருத்தினார். காசநோய் கண்ட முழங்கால்களில் வைத்ததால் கிருமி மீண்டும் தலைதூக்கி, முயற்சி தோற்றது. 1968-இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் கன்ஸ்டன் உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மூட்டைப் பொருத்தினார். 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் கொண்டுவந்த முழு மூட்டே இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடி.

காலிழந்தவர்களில் பெரும்பாலும் முதலில் தேய்வது நல்ல காலின் முழங்கால்தான். அதிகப் பாரம் அதன்மேல் விழுகிறது. வெட்டுண்ட பக்கத்து மூட்டை மாற்றுவது அபூர்வம், கடினமும்கூட. வழக்கமாக முழங்காலை மடக்கிப் பாதத்தை மேசையில் ஊன்ற வைத்து அறுவை செய்வார்கள். இங்கே ஊன்றப் பாதமில்லை. எலும்பை நேராக அறுப்பதற்குக் கணுக்காலின் நடுவைக் குறியாகக் கொள்வார்கள், அதுவும் இல்லை. எஞ்சிய எலும்பையே அளந்து அறுக்க வேண்டும். பொய்க்கால் உரசிய புண் இருந்தால், அது ஆறாமல் கத்தி வைக்கமாட்டார்கள். கிருமி புதிய மூட்டுக்குப் போய்விடும்.

அறுவைக்குப் பிறகு எஞ்சிய கால் வீங்குவதால் பழைய கூடு பொருந்தாது. தையல் ஆறி வீக்கம் வடியும்வரை ஊன்றுகோல்தான். வலிக்கிறதென்று அந்த நாட்களில் முழங்காலுக்கடியில் தலையணை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். மடங்கியே கிடந்த மூட்டு அப்படியே இறுகிவிடும். நீளாத முழங்காலில் எந்தப் பொய்க்காலும் சரியாக நிற்காது.