மார்ட்டின்டேல் வந்த வழி

லண்டன் நியூ கேவண்டிஷ் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவர் வில்லியம் மார்ட்டின்டேல். டாக்டர்கள் புதுப்புது மருந்துகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த அதிகாரபூர்வ மருந்து நூலான பிரிட்டிஷ் பார்மகோபியாவோ 1867ஆம் வருடப் பதிப்பு. 1874இல் வந்த பின்னிணைப்பைச் சேர்த்துப் பார்த்தாலும் அந்தப் புது மருந்துகளில் பல அதில் இல்லை. நைட்ரோகிளிசரின் ஓர் உதாரணம். இதயக் கோளாறால் வரும் நெஞ்சுவலிக்கு அதைக் கொடுக்கலாம் என்று வில்லியம் முரெல் 1879இல் எழுதினார். வெடிமருந்தை நோயாளியின் வாயில் எப்படிப் போடுவது? சாக்லேட்டில் கலந்து மாத்திரையாக்கித் தந்தார் மார்ட்டின்டேல்.

இப்படி அதிகாரபூர்வ நூலுக்கு வெளியே நின்ற மருந்துகளைத் தொகுத்து, டாக்டர் வின் வெஸ்ட்காட்டுடன் சேர்ந்து 1883இல் அவர் வெளியிட்டதுதான் 'தி எக்ஸ்ட்ரா பார்மகோபியா'. பாக்கெட்டில் அடங்கும் சிறு புத்தகம். வெஸ்ட்காட் பின்னாளில் 'கோல்டன் டான்' என்ற மாந்திரீக ரகசியச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். நல்ல வேளை, அந்தச் சரக்கு எதுவும் இதற்குள் வரவில்லை.

1902இல் மார்ட்டின்டேல் இறந்த பிறகு மகன் தொடர்ந்தார். மகனும் 1933இல் மறைய, பிரிட்டனின் மருந்தாளர் சங்கம் புத்தகத்தை ஏற்றுக்கொண்டது. அது வளர்ந்து இரண்டு தொகுதிகளாகி 4,000 பக்கங்களைத் தாண்டியது. இப்போது கணினித் திரையிலும் படிக்கலாம்.

இன்று மருந்தாளர்கள் இதைத் தேடிப் போவதற்குப் பெரிய காரணம், 40க்கு மேற்பட்ட நாடுகளின் பிராண்ட் பெயர்கள் இதில் இருப்பதுதான். வெளிநாட்டில் வாங்கிய மாத்திரை அட்டையோடு ஒருவர் வந்து நிற்கும்போது பெயரை மட்டும் நம்புவது ஆபத்து. 'யூரெக்ஸ்' அமெரிக்காவில் சிறுநீர்த்தொற்றைத் தடுக்கும் மெத்தனமைன்; ஆஸ்திரேலியாவில் சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு. 'ஃபுளோமேக்ஸ்' அமெரிக்காவில் புராஸ்டேட் மருந்து, இத்தாலியில் வீக்கத்துக்கானது. ஒரே நாட்டுக் கையேட்டை மட்டும் புரட்டுகிறவர் நம்பிக்கையோடு தவறான பதிலைச் சொல்லிவிடுவார்.

ஆனால் வார்டில் நிற்கும் நர்ஸ் போனில் டோஸ் கேட்டால் இதை விரிப்பது வீண் தாமதம். பிரிட்டனில் அதற்கு பி.என்.எஃப். என்ற கையேடு இருக்கிறது; பெரியவர்களுக்கான அச்சுப் பதிப்பு ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அமெரிக்க டாக்டர்களின் மேசையில் 1947 முதல் பல பத்தாண்டுகள் கிடந்த பி.டி.ஆர். என்ற மருந்துத் தொகுப்பை நான் முதலில் எடுக்க மாட்டேன். அதில் இடம்பெறக் கம்பெனிகளே பணம் கட்டின. உள்ளே இருந்ததும் பெரும்பாலும் அவர்கள் மருந்தோடு தரும் லேபிள் வாசகம்தான். ஒரு மருந்தை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவாது.

1999இல் மார்ட்டின்டேல் புத்தகத்தின் பெயரை 'முழுமையான மருந்துக் குறிப்பு நூல்' என்ற பொருள்பட மாற்றினார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஒரே டிரிப்பில் இரண்டு ஊசி மருந்துகளைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு இன்றும் ஊசி மருந்துகளுக்கென்றே உள்ள தனிக் கையேட்டைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு மருந்தைச் சாப்பிடலாமா என்று பாலூட்டும் தாய் கேட்டால், அமெரிக்க அரசு இலவசமாகத் தரும் லாக்ட்மெட் என்ற தரவுத்தளம்.