பரம்பரையலகை உறங்கவைத்தலும் எழுப்புதலும்

புற்றுநோயாய்வில் நெடுங்காலம் விடை காணப்படாதிருந்த வினா ஒன்று உண்டு. கலத்தைக் காக்கும் பரம்பரையலகு கெடுவதாற் கட்டி தோன்றலாம் என்பது நிறுவப்பட்ட பின்னரும், தோன்றிய கட்டி நிலைத்து வளர்வதற்கு அவ்விழப்புத் தொடர்ந்தும் வேண்டப்படுகின்றதா, அன்றித் தீ மூட்டிய கொள்ளிபோல அதன் தொழில் தொடக்கத்துடன் முடிந்துவிடுகின்றதா என்பதே அது. பரம்பரையலகொன்று நிரந்தரமாக அகற்றப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு இதற்கு விடை காண்டல் அரிது. வேண்டுங்கால் மூடவும் பின்னர் திறக்கவும் கூடிய தாழ்ப்பாளொன்று தேவைப்பட்டது.

அத்தாழ்ப்பாளின் ஒரு பாகம் 1992 இல் ஹைடில்பேர்க்கில் உருவாயிற்று. ரெற்றாசைக்கிளின் என்னும் மருந்தை உணர்கின்ற பற்றீரியப் புரதமொன்றைக் கொசென், புஜார்ட் ஆகிய இருவரும் ஹேர்ப்பிசு வைரசின் புரதத் துண்டொன்றுடன் இணைத்தனர். மருந்து இல்லாதபோது பரம்பரையலகு இயங்கும். மருந்து சேர்ந்ததும் ஓயும். 1995 இல் இதற்கு எதிர்மாறாக இயங்கும் வடிவமும் வெளிவந்தது. மருந்துக் கடையில் விற்கும் நுண்ணுயிர்கொல்லி ஒன்று பரம்பரையலகுக்குத் திறவுகோலாகியமை வியப்புக்குரியதே.

மற்றைய பாகத்தின் வரலாறு பூந்தோட்டத்திலே தொடங்குகின்றது. பெற்றூனியாப் பூக்களின் ஊதா நிறத்தைச் செறிவாக்கக் கருதி, அந்நிறத்துக்கான பரம்பரையலகை மேலதிகமாகப் புகுத்திய ஆய்வாளர், வெண்ணிறப் பூக்களைக் கண்டதாக 1990 இல் அறிவித்தனர். ஈரிழை ஆர்.என்.ஏ. தன்னையொத்த செய்தியை அழிப்பிக்கின்றதென்பதை 1998 இல் வட்டப்புழுவிற் காட்டிய பயரும் மெல்லோவும் 2006 இல் நோபல் பரிசு பெற்றனர். முலையூட்டிகளின் கலங்களில் நீண்ட ஈரிழைகள் வைரசுக்கெதிரான தற்காப்பைக் கிளப்பிவிட்டமையால் அம்முறை பயன்படவில்லை. ஏறத்தாழ 21 அலகு நீளமுள்ள குறுந்துண்டுகள் அத்தடையைக் கடக்குமென 2001 இல் ருஷ்ல் குழுவினர் காட்டினர். மறு ஆண்டிலேயே, கலம் தானே அத்துண்டுகளை ஆக்கும் வழி அம்ஸ்ரர்டாமில் வகுக்கப்பட்டது.

இரு பாகங்களும் பொருந்தியபோது பழைய வினா மீண்டும் எழுப்பப்பட்டது. 2007 இல் ஸ்கொற் லோ தலைமையிலான குழுவினர், பி53 என்னும் காவற் பரம்பரையலகை அடக்கி, ராஸ் என்னும் புற்றுத்தூண்டியையும் சேர்த்து, சுண்டெலிகளின் ஈரலிற் கட்டிகளை வளர்த்தனர். பின்னர் டொக்சிசைக்கிளின் ஊட்டப்பட்டது, அடக்கம் நீங்கி, பி53 மீண்டது, கட்டிகளும் சுருங்கின. இழப்புத் தொடர்ந்தும் வேண்டப்பட்டதென்பது, இவ்வகைக் கட்டியைப் பொறுத்தவரை, இங்ஙனம் தெளிவாயிற்று. எதிர்பார்க்கப்படாத செய்தி வேறொன்று. கலங்கள் பெரும்பாலும் தாமே மாளவில்லை. மூப்படைந்து பிரிவை நிறுத்தின. அவற்றை அகற்றியவை உடலின் இயல்பான நிர்ப்பீடனக் கலங்களே. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த கலங்களை மட்டும் நோக்கியிருப்பின் இது புலப்பட்டிராது.

இம்முறைக்குக் குறைகளும் உள. குறுந்துண்டுகள் குறித்த இலக்கையன்றி வேறு செய்திகளையும் சிலவேளை அடக்குவதுண்டு. ஆதலால் ஒரே இலக்குக்குப் பல துண்டுகளைக் கொண்டு சோதிக்காத முடிபுகளை ஏற்றல் தகாது. மேலும், சுண்டெலியில் மீட்கப்பட்டது ஆய்வாளரே அடக்கிவைத்த பரம்பரையலகு. நோயாளியிடத்திலோ அது பெரும்பாலும் விகாரமடைந்தோ அழிந்தோ கிடக்கின்றது. அதனை மீட்க மருந்தூட்டல் மட்டும் போதாது. எனினும் 2015 இல் பெருங்குடற் கட்டிகளில் ஏபிசி என்னும் பரம்பரையலகை இவ்வாறே மீட்டபோது, ராஸ், பி53 விகாரங்கள் உடனிருந்தும், கட்டிக் கலங்கள் சாதாரண குடற்கலங்களாகத் திரும்பின.