கண்டி உடன்படிக்கையின் வினைச்சொற்கள்

கண்டி மாநகரில், தலதா மாளிகையை அடுத்து, செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் நிரைநிரையாக நிற்கும் அரச மண்டபம் ஒன்று உண்டு. மகுல் மடுவ என்பது அதன் பெயர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள், தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக் முன்னிலையில், கண்டிப் பிரதானிகள் கூடியிருக்க, பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கையொன்று அங்கே வாசிக்கப்பட்டது. இலங்கையின் இறுதி முடியாட்சி அத்துடன் முடிவுற்றது. அவ்வரலாறு யாவரும் அறிந்ததே. ஆனால் அவ்வுடன்படிக்கையின் வினைச்சொற்கள் கூறும் வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று.

ஆங்கிலம் பயிலும் மாணவரைப் பெரிதும் மயங்கவைப்பன ஷல், வில், மே, மஸ்ட் முதலிய துணைவினைகள். ஏனைய வினைகள் காலத்தைக் காட்ட, இவை கடமை, அனுமதி, இயலுமை என்பவற்றைக் காட்டுகின்றன. இவற்றை அடுத்து வரும் வினை காலங்காட்டும் உறுப்பை ஏலாது, பகுதியளவில் நிற்கும். 'ஆர் டு பி' என்னும் தொடரும் பொருளால் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதே. ஒரு செயல் நிகழ்கிறது என்பது வேறு. அது நிகழ்தல் வேண்டும் என்பது வேறு. இவ்வேற்றுமை இலக்கண வகுப்போடு நின்றுவிடுவதன்று.

உடன்படிக்கையைப் பாருங்கள். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பதவி நீக்கப்பட்டவன் எனப் பிரகடனஞ் செய்யப்படுகிறான். 'மலபார்' எனச் சுட்டப்பட்ட அவன் இனத்தாரின் அரசுரிமை ஒழிக்கப்படுகிறது. கண்டியின் ஆதிபத்தியம் பிரித்தானிய முடியைச் சேர்கிறது. இவை யாவும் நிகழ்கால வினைகள். நீர் வார்த்து, 'கொடுக்கிறேன்' என்று ஒருவர் சொன்ன அளவிலே கொடை நிறைவேறிவிடுகிறதன்றோ? அதுபோன்றதே இந்நிகழ்காலம். சொல்லே செயலாகிவிடுகிறது.

இனி, புகழ்பெற்ற ஐந்தாம் பிரிவு. புத்த சமயம் மீறப்படலாகாதது எனப் பிரகடனஞ் செய்யப்படுகிறது என்பது அதன் முற்பகுதி, இதுவும் நிகழ்காலமே. அச்சமயத்தின் கிரியைகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணப்பட்டுப் பாதுகாக்கப்படல் வேண்டும் என்பது பிற்பகுதி. இங்கேதான் 'ஆர் டு பி' வந்து புகுகிறது. பிரகடனஞ் செய்வதற்குச் செலவில்லை. பேணுவதற்கோ பொருளும் உழைப்பும் வேண்டும். பேணுபவர் யார் என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை. செயப்பாட்டு வினை கருத்தாவை மறைத்துக்கொண்டது.

1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கினர். 1818 நவம்பர் 21ஆந் தேதி தேசாதிபதி புதிய பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். முன்னையது இருதரப்பார் உடன்பாடு. பின்னையது ஒருதரப்பார் கட்டளை. அதன் பதினாறாம் பிரிவில் 'மீறப்படலாகாதது' என்ற சொல் இல்லை. குருமாரும் சடங்குகளும் முன்னாளில் பெற்ற மரியாதையைப் பெறுவர் என்ற கருத்தில், 'ஷல்' என்னும் துணைவினை அமைந்தது. பிற சமயத்தார் வழிபாட்டுக்கும் அரசின் பாதுகாப்பு உண்டு என்பதும் உடன் சேர்க்கப்பட்டது. இச்சேர்க்கை நியாயமானதே. எனினும் மரியாதையைக் கொடுப்பவர் யார், எந்த அளவில் என்ற வினாக்களுக்கு அங்கும் விடையில்லை.

அவ்விடைவெளியே பிற்கால வழக்கின் களமாயிற்று. அரசாங்கம் 'விக்கிரக வணக்கத்தோடு' தொடர்பு வைத்தலாகாது என்று 1839இல் வெஸ்லியன் பாதிரியார் ஸ்பென்ஸ் ஹார்டி நூலெழுதி வாதிட்டார். பேணுதல் என்பது நியமனங்களும் ஆதரவும் அளித்தலே எனப் பிரதானிகளும் பிக்குகளும் கொண்டனர். 1847இல் புனித தந்தத்தின் காவலை மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடமும் தியவடன நிலமேயிடமும் அரசு ஒப்படைத்தது. இரு சாராரும் ஒரே வாக்கியத்தையே படித்தனர். வெவ்வேறு கருத்தாவை அதில் வருவித்துக்கொண்டனர்.

நேயர்களே, 'ஷல்' என்ற சொல்லின் பழம்பொருள் 'கடன்பட்டிருத்தல்' என்பதாகும். நம் மொழியிலும் கடன் என்பது வாங்கிய பொருளையும் குறிக்கும். செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தபோது, ஆங்கில வாசகத்தில் நின்றதும் அதே 'ஷல்'தான். அச்சொல்லைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆயினும், தமிழிலே கடிதமெழுதிய ஒருவருக்குத் தமிழிலே மறுமொழி வரும் நாளிலேதான் அவ்வினை நிகழ்காலமாகிறது.

ஆகவே சட்டமாயினும் ஒப்பந்தமாயினும், துணைவினையைக் கண்ட இடத்தில், 'கடன்பட்டவர் யார்? எப்பொழுது தீர்ப்பார்?' என்ற இரு வினாக்களையும் எழுப்ப நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. மகுல் மடுவவில் 1815இல் அவ்வினாக்கள் வாசகத்தில் எழுதப்படாமலே போயின. அதன் பயனைக் கண்டியர் பல்லாண்டு அனுபவித்தனர்.