ஆடுங்கதிரையில் அமர்ந்த ஜனாதிபதி



1961, 1962-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பத்திரிகைகளின் பழைய கட்டுகளை அவிழ்த்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு புகைப்படம் அடிக்கடி கண்ணிற்படும். ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஜோன் கெனடி, வெள்ளை மாளிகையிலே, தம்மைக் காண வந்த விருந்தினருக்கு எதிரே, முன்னும் பின்னும் அசையும் மரக்கதிரை ஒன்றில் சாய்ந்திருப்பார். இளமையும் உற்சாகமும் நிரம்பிய தலைவர் ஒருவரின் எளிமைக்கு அடையாளமென்று அன்று பலர் அக்கதிரையைப் பாராட்டினர். அதைப் போன்ற கதிரைகள் அமெரிக்கக் கடைகளிலே மிகுதியாக விற்கவும் தொடங்கின. ஆனால் அக்கதிரை எளிமைக்காக வைக்கப்பட்டதன்று. அது மருந்துச் சீட்டில் எழுதப்படாத ஒரு மருந்து. அதில் இருந்தவர் நான்கு முறை முதுகிலே கத்தி பட்டவர். உடைக்குள்ளே இறுக்கமான இடைக்கச்சு அணிந்தவர். தமது காலுறையைத் தாமே குனிந்து அணிய முடியாத நாட்கள் பலவற்றைக் கண்டவர்.

நாரி நோவென்றும் இடுப்பு உழைவென்றும் நாம் சொல்லும் இத்துன்பம் இவருக்கு மட்டும் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இதனால் வருந்தினர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எனினும் ஒரு மனிதரின் முதுகிலே ஒரு நூற்றாண்டு வைத்தியத்தின் வரலாறு முழுவதும் எழுதப்பட்டிருப்பதைக் காண வேண்டுமாயின், கெனடியின் முதுகைப் பார்த்தாற் போதும். அவர் காலத்தில் இவையெல்லாம் பொதுமக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தன. 2002-ஆம் ஆண்டிலேதான் றொபேட் டலக் என்ற வரலாற்றாசிரியர், ஒரு வைத்தியரின் துணையோடு, பூட்டி வைக்கப்பட்டிருந்த அவருடைய வைத்தியக் குறிப்புகளை வாசித்து வெளியிட்டார்.

கதையைச் சிறிது முன்னே இருந்து தொடங்குவோம். முதுகு நோவுக்கு மருந்து தேடுவது மிகப் பழைய முயற்சி. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டில் எகிப்திலே எழுதப்பட்ட பைப்பிரசுச் சுருள் ஒன்றில், காயங்களைப் பற்றிய 48 குறிப்புகள் உள்ளன. கடைசிக் குறிப்பு முள்ளந்தண்டின் சுளுக்கைப் பற்றியது. நோயாளியைக் காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்த்த வைத்தியர், அவரை மல்லாந்து படுக்க வைக்க வேண்டுமென்று கூறி, அடுத்துச் செய்ய வேண்டியதைத் தொடங்கும்போதே, வாக்கியத்தின் நடுவில் எழுத்து நின்றுவிடுகிறது. பின் வந்த வைத்தியர்கள் அந்த வாக்கியத்தை முடிக்கப் பல வழிகளிலும் முயன்றார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒத்தடம், எண்ணெய், அட்டை விடுதல், சூடிடுதல், 1899-ஆம் ஆண்டிலிருந்து அஸ்பிரின் என்று ஒவ்வொன்றாக வந்தன. 19-ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் ஜோன் ஹில்ரன், ஹியூ ஓவன் தோமஸ் ஆகியோர் ஓய்வே பெரிய வைத்தியமென்று கற்பித்தனர். முறிந்த எலும்புக்கும் காசநோய் பற்றிய மூட்டுக்கும் பொருந்திய அந்தப் போதனையை, பின்வந்தோர் வெறும் முதுகு நோவுக்கும் பொருத்திவிட்டார்கள். வாரக்கணக்கிற் படுக்கையில் கிடப்பது வழக்கமாயிற்று.

இந்நிலையில் 1934-ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிலே ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் மிக்ஸ்ரரும், எலும்பு வைத்தியர் ஜோசப் பாரும் 19 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாலேயே காலிற் பரவும் கடும் நோவு உண்டாகிறது என்பதும், பிதுங்கியதை வெட்டி அகற்றினால் நோவு தீரும் என்பதும் அவர்களின் முடிவு. அது உண்மையான கண்டுபிடிப்பு. இன்றும் நிலைத்து நிற்கிறது. காலுக்குப் பரவும் நோவு பொறுக்க முடியாததாகி நீடிக்கும்போதும், சலம் மலம் அடக்கும் வலு இழக்கப்படும்போதும் கத்தியின் உதவி வேண்டியதே. ஆனால் குற்றவாளி ஒருவன் பிடிபட்டதும், ஊரில் நடந்த திருட்டுக்களையெல்லாம் அவன் தலையிலே சுமத்துவதுபோல, எல்லா முதுகு நோவுக்கும் வட்டே காரணமென்று வைத்தியர் பலர் நம்பலாயினர். அப்போது கெனடிக்கு வயது பதினேழு. அவரும் அந்தப் பொஸ்டன் நகரை அடுத்த புறூக்லைனிலே பிறந்தவர்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் படித்த காலத்திலேயே அவருக்கு முதுகு நோவு தொடங்கிவிட்டது. அக்காரணத்தால் இராணுவம் அவரை ஏற்கவில்லை. தந்தையாரின் செல்வாக்கினாலேயே 1941-இல் கடற்படையிற் சேர்ந்தார். 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2-ஆம் திகதி, சொலமன் தீவுகளுக்கருகே அவர் தலைமை தாங்கிய பி.ரி. 109 என்ற சிறு படகை யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று மோதிப் பிளந்தது. பதின்மூவரில் இருவர் மாண்டனர். தீக்காயமுற்ற மாலுமி ஒருவரின் அங்கியின் வாரைத் தம் பற்களாற் கவ்விக்கொண்டு, பல மணி நேரம் நீந்தி அவரைத் தீவொன்றிற் சேர்த்தார் கெனடி. வீரச் செயல்தான்; முதுகுக்கு நன்மை செய்த செயலன்று.

மறு ஆண்டு ஜூன் மாதம் பொஸ்டனில் முதலாவது சத்திரசிகிச்சை நடந்தது. திறந்து பார்த்த வைத்தியர்கள் எதிர்பார்த்தபடி வட்டுப் பிதுங்கல் பெரிதாக இல்லை. மென்மையாகிக் கிடந்த சிறு பகுதியையே அகற்றினர். நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியதும் தசைகள் கடுமையாக இழுத்துப் பிடித்தன. நோவை அடக்க அபின் இனத்து மருந்துகள் தேவைப்பட்டன.

இதற்கிடையே 1947-இல் இலண்டனில் அவருக்கு அடிசன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் தம் தொழிலை மறந்துவிடும் நோய் அது. அதற்கு அவர் கொர்ட்டிசோன் இன மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டியிருந்தது. உயிரைக் காத்த அம்மருந்தே அவருடைய முள்ளந்தண்டை நலிவித்ததென்று சிலர் கருதுவர். வேறு சிலர் மறுப்பர். 1954-இல், செனற் சபை உறுப்பினராயிருந்தபோது, ஊன்றுகோலின்றி நடமாட முடியாத நிலை. முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பொருத்தி அசையாமற் செய்வதே வழியென்று சொல்லப்பட்டது. இப்பொருத்தல் முறை 1911-இல் நியூயோர்க் நகரிலே முள்ளந்தண்டுக் காசநோய்க்காகத் தோன்றியது. காலப்போக்கில் நோவுக்கும் வந்து சேர்ந்தது. அடிசன் நோயுள்ளவருக்கு அது உயிராபத்தானதென்று பொஸ்டன் வைத்தியர்கள் தடுத்தனர். ஊன்றுகோலோடு வாழ்நாளைக் கழிப்பதிலும் ஆபத்தை ஏற்பதே மேலென்று அவர் நியூயோர்க்குக்குச் சென்றார். ஒக்டோபர் 21-ஆம் திகதி உலோகத் தகடொன்று வைத்துப் பொருத்தினர். சில நாட்களில் கிருமித் தொற்று, நினைவிழப்பு, குருவானவர் வந்து இறுதிச் சடங்கையும் நிறைவேற்றினார். பிழைத்தார். ஆனால் புண் ஆறவில்லை. 1955 பெப்ரவரியில் தகட்டை எடுக்க மூன்றாம் முறை வெட்டினர். 1957-இல் சீழ்க்கட்டியை வடிக்க நான்காம் முறை.

இங்கே ஒரு சிறு செய்தி. 1955 நவம்பரில் வெளிவந்த அமெரிக்கச் சத்திரசிகிச்சை ஏடொன்றில், அடிசன் நோயோடு முதுகுச் சத்திரசிகிச்சைக்கு உள்ளான 37 வயதுடைய மனிதர் ஒருவரின் வரலாறு, பெயர் குறிக்காமல் அச்சிடப்பட்டிருந்தது. 1960-ஆம் ஆண்டுத் தேர்தலில் கெனடிக்கு அடிசன் நோய் உண்டென்ற பேச்சு எழுந்தது. அவருடைய தரப்பினர் மறுத்தனர். உண்மை நூலகங்களின் தட்டுகளிலே, எவரும் எடுத்துப் படிக்கக்கூடியதாய், அமைதியாகக் கிடந்தது.

1955-ஆம் ஆண்டு மே மாதம் அவர் ஜனெற் றவெல் என்ற பெண் வைத்தியரிடம் சென்றார். குற்றம் வட்டிலல்ல, இறுகி முடிச்சிட்ட தசைகளிலேதான் என்பது இவ்வம்மையாரின் கொள்கை. அம்முடிச்சுகளிலே புரொக்கேயின் என்னும் மரப்பு மருந்தை ஊசிமூலம் ஏற்றினார். இடது கால் சற்றுக் குட்டையென்று கண்டு, சப்பாத்தின் குதியை உயர்த்தினார். ஆடுங்கதிரையும் அவர் சொன்னதே. மெல்ல அசைந்துகொண்டிருந்தால் தசைகள் இறுகா என்பது கருத்து. கத்தி தராத ஆறுதலை ஊசி தந்தது. கெனடி ஜனாதிபதியானதும் வெள்ளை மாளிகை வைத்தியராக றவெல் நியமிக்கப்பட்டார். அப்பதவியேற்ற முதற் பெண்மணி அவரே.

ஆனால் ஊசி தரும் ஆறுதல் ஊசியின் வலு உள்ளவரைக்குமே. 1961 மே மாதம் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் மரம் நடும் சடங்கில் மண்வெட்டி பிடித்தபோது முதுகு மீண்டும் பிடித்துக்கொண்டது. ஊசிகள் பெருகின. கொடெயின், டெமெறோல், மெதடோன் என நோவகற்றிகளும் வெவ்வேறு காலங்களில் வந்தன. மக்ஸ் ஜேக்கப்சன் என்ற இன்னொரு வைத்தியர் அம்பெற்றமின் கலந்த ஊசிகளை இட்டார். ஜூன் மாதம் வியன்னாவில் குருசேவைச் சந்திக்கச் சென்றபோது அவரும் உடன் சென்றார். அவருடைய வைத்திய அனுமதி 1975-இல் நியூயோர்க்கில் பறிக்கப்பட்டது. உலகப் போரும் சமாதானமும் தங்கியிருந்த பேச்சு மேசையிலே அமர்ந்தவரின் உடலில் எத்தனை மருந்துகள் ஓடின என்பது, அன்று அந்த மேசையைச் சுற்றியிருந்தோரிற் பலருக்குத் தெரியாது.

கடற்படை வைத்தியரான ஜோர்ஜ் பேக்லி இந்நிலை தொடர்ந்தால் ஜனாதிபதி நடக்கவே மாட்டாரென்று அஞ்சினார். அவரும் பிறரும் வற்புறுத்தியதால், 1961 ஒக்டோபரில் ஹான்ஸ் கிறவுஸ் அழைக்கப்பட்டார். இவர் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் திறியெஸ்தே நகரிற் பிறந்து, 1938-இல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர், பாறையேறுவதில் புகழ்பெற்றவர். பரிசோதித்தபோது, வயிற்றுத் தசைகள் நலிந்தும் கால் தசைகள் இறுகியும் இருக்கக் கண்டார். ஊசிகளை நிறுத்தி, வாரத்தில் மூன்று நாள் தேகாப்பியாசம் செய்ய வேண்டுமென்றார். நீச்சற் குளத்தருகே இருந்த சிறு அறையில் அது தொடங்கியது. றவெல், கிறவுஸ் இருவரும் தசையையே நம்பியவர்கள் என்பதும், கிறவுசும் தேவைப்பட்டபோது ஊசி இட்டவரே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. நோவை மரக்கச் செய்தபின் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதிலேதான் இவர்கள் பிரிந்தனர். அம்மையாரைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் இவ்விடயத்தில் நான் கிறவுசின் பக்கமே சாய்கிறேன். 1962-இன் தொடக்கத்திலேயே ஜனாதிபதியின் உடலில் வலுவும் வளைவும் கூடியதென்று குறிப்புகள் கூறுகின்றன.

ஆனால் இடைக்கச்சை அவர் முற்றாகக் கழற்றவில்லை. 1963 நவம்பர் 22-ஆம் திகதி டலஸ் நகரிலும் அதை அணிந்து, மேலே துணிப்பட்டியாலும் சுற்றியிருந்தார். முதற் குண்டு பட்டபின் அவர் உடல் சாயாமல் நிமிர்ந்தே நின்றதற்கு அக்கட்டு காரணமாயிருக்கலாமென்று வைத்தியர் சிலர் எழுதியுள்ளனர்.

கிறவுஸ் அனுபவத்தாற் சொன்னதற்கு ஆராய்ச்சியின் ஆதாரம் பின்னரே சேர்ந்தது. 1986-இல் ரெக்சாசில், புதிதாக நோவு கண்ட 203 பேரில் ஒரு பகுதியினர் இரண்டு நாளும் மற்றவர் ஏழு நாளும் படுக்குமாறு பணிக்கப்பட்டனர். இரண்டு நாளினர் வேலைக்குச் செல்லாதிருந்த நாட்கள் 45 வீதம் குறைவு. ஏழு நாளினர் கண்ட மேலதிக நன்மை எதுவுமில்லை. 1995-இல் பின்லாந்தில், படுத்தவர்களைவிட வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்களே விரைவில் தேறினர். 1994-இல் முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. கருவியிற் படம்பிடித்தபோது, 52 வீதத்தினரிடம் ஒரு வட்டேனும் வீங்கியிருந்தது. அதாவது, படத்திலே பிதுங்கல் தெரிவதால் மட்டும் நோவுக்குக் காரணம் அதுவேயென்று சொல்ல இயலாது. 1944-இல் பொஸ்டன் வைத்தியர்கள் கத்தியால் திறந்து கண்ட குழப்பம், ஐம்பது ஆண்டுகளின் பின் கத்தியின்றியே வெளிப்பட்டது.

மருந்துகளின் கதையும் இத்தகையதே. 2014-இல் அவுஸ்திரேலியாவில், புதிதாக முதுகு நோவு கண்டவர்களிடம் பரசிற்றமோல் குளிசை, மருந்தில்லாப் போலிக் குளிசையிலும் மேலான பயன் தரவில்லை. அபின் இன மருந்துகள் 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே நாட்பட்ட நோவுக்குத் தாராளமாக எழுதப்பட்டு, எண்ணற்ற குடும்பங்களை அழித்தன. 2018-இல், நாட்பட்ட முதுகு நோவோ மூட்டு நோவோ உடைய முன்னாட் படைவீரர் 240 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வில், அவை சாதாரண நோவகற்றிகளிலும் சிறந்தவையாகத் தோன்றவில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கென முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. தேகாப்பியாசம், நோயைப் பற்றிய விளக்கம், மனத்துக்கான சிகிச்சை, அழற்சி தணிக்கும் சில மருந்துகள் ஆகியன அதிலே ஏற்கப்பட்டன. அபின் இன மருந்துகளும், இழுவைச் சிகிச்சையும், இடைக்கச்சும் வழமையாகப் பயன்படுத்தத் தக்கனவல்ல என்று விலக்கப்பட்டன.

1963 பெப்ரவரியில் கெனடி தமது கடற்படைச் சிப்பாய்களை 50 மைல் நடந்து காட்டுமாறு தூண்டினார். அமெரிக்கா முழுவதும் நடைப்பித்துப் பிடித்தது; அவருடைய தம்பி றொபேட், சாதாரண சப்பாத்தோடு அத்தூரத்தை நடந்து முடித்தார். 2024-இல் அவுஸ்திரேலியாவிலே, நாரி நோவிலிருந்து தேறிய 701 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒழுங்காக நடக்கப் பழக்கப்பட்டவர்களுக்கு நோவு மீளும்வரை சென்ற காலம் நடுக்கணக்கில் 208 நாட்கள், மற்றவர்களுக்கு 112. அந்த 50 மைல் நடையைத் தூண்டியவர் அவ்வேளையில் இடைக்கச்சோடு ஆடுங்கதிரையிலே இருந்தார். அவர் அமர்ந்த கதிரை ஒன்றைப் பொஸ்டனிலுள்ள கெனடி நூலகத்திற் காணலாம். வட்டைக் குற்றவாளியாகக் கண்டுபிடித்த நகரமும் அதுவே.