கூண்டுக் கிளியும் தாய்மொழியும்

‘சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை’ என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இந்தி பேசும் ஊர்களில் கூண்டுக்கிளி என்றாலே அதற்குப் பெயர் ‘மிட்டு’தான். அந்த மிட்டு ஒரு தமிழ் வீட்டுக்கு வந்துவிட்டால் ‘யாரு?’, ‘வா வா’ என்று தமிழும் பேசும். கேட்பவர்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கும். கிளிக்குப் பேச்சுப் பழக்கும் இந்த ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு.

சங்க இலக்கியத்தில் கிளி முதலில் வீட்டுப் பறவை அல்ல, புனத்துப் பறவை. தினைக் கதிரைக் கொய்ய வரும் கிளியை ஓட்டுவது குறிஞ்சிப் பெண்களின் வேலை. தழல், தட்டை, குளிர் என்று அதற்கான கருவிகளைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஓசை எழுப்பி விரட்டுவார்கள், அவ்வளவுதான். பெரும்பாணாற்றுப்படையிலோ காட்சி மாறுகிறது. அங்கே அந்தணர் வீட்டில் வளரும் கிளிக்கு வேத ஒலியைப் பயிற்றுகிறார்கள். பிற்காலத்தில் மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி அமர்ந்தது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குச் சாத்தும் கிளியை இன்றும் இலைகளாலும் பூவாலும்தான் செய்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வடநாட்டிலும் இதே கதைதான். கிளிக்கும் மைனாவுக்கும் பேச்சுப் பழக்குவதை அறுபத்து நான்கு கலைகளில் ஒன்றாகக் காமசூத்திரம் எண்ணுகிறது. மண்டனமிச்ரர் வீட்டுக்கு வழி கேட்ட ஆதிசங்கரரிடம், ‘எந்த வாசலில் கிளிகள் தத்துவ விவாதம் செய்கின்றனவோ அதுதான் அவர் வீடு’ என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கிளி சொன்ன எழுபது கதைகளாக வழங்கும் வடமொழி ‘சுகசப்ததி’யைத் தழுவி, 14ஆம் நூற்றாண்டில் நக்‌ஷபி பாரசீகத்தில் ‘தூத்திநாமா’ எழுதினார். அதற்கு ஓவியங்கள் தீட்டச் செய்தவர் பேரரசர் அக்பர்.

நம் கிளி கடலும் கடந்தது. கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தில் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் தெசியஸ், இந்தியரின் மொழியைப் பேசும் ஒரு பறவையைப் பற்றி எழுதினார். கிரேக்கம் கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்றார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, இந்தியாவிலிருந்து வந்த பச்சைக்கிளியின் கழுத்து வளையத்தை வருணிக்கிறார். பேசப் பழக்கும்போது அதன் தலையில் இரும்புக் கம்பியால் அடிப்பார்கள் என்றும் கூசாமல் எழுதுகிறார்.

இந்தப் புகழுக்கெல்லாம் கிளி கொடுத்த விலை என்ன? ஹர்ஷர் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில், பாணபட்டர் எழுதிய ‘காதம்பரி’யில் அதைக் கிளியே சொல்கிறது. விந்தியக் காட்டில் ஒரு பெரிய இலவ மரம். அதில் எத்தனையோ கிளிக் குடும்பங்கள். கிழவேடன் ஒருவன் ஏறிப் பொந்து பொந்தாகக் கைவிட்டுக் கிளிகளைக் கொன்று கீழே போடுகிறான். தகப்பன் கிளி தன் சிறகுக்குள் குஞ்சை மறைத்துக்கொண்டு சாகிறது. சருகில் விழுந்து பிழைத்த அந்தக் குஞ்சுதான் பின்னாளில் தங்கக் கூண்டில் அரசவைக்கு வந்து எல்லோரும் வியக்கப் பேசுகிறது.

இன்றும் சந்தைக்கு வரும் பச்சைக்கிளிகளில் பெரும்பாலானவை பொந்திலிருந்து எடுத்த குஞ்சுகளே. கிளிகளுக்குப் பேச்சு என்பது பெற்றோரிடமும் கூட்டத்திடமும் கேட்டுக் கற்பது. வெனிசுலாவில் ஒரு சிறு கிளியினத்தை ஆராய்ந்தவர்கள், குஞ்சு ஒவ்வொன்றும் தன்னை அடையாளப்படுத்தும் தனிக் குரலைப் பெற்றோரிடமிருந்தே கற்கிறது என்று 2011இல் வெளியிட்டார்கள். அதாவது கிட்டத்தட்ட ஒரு பெயர்! பறக்கும் முன்பே பிரித்து எடுத்த குஞ்சுக்கு நம் மொழி வரும், அதன் தாய்மொழி வராது. வெளியூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் தங்க வேண்டுமே என்று கவலைப்படுகிற நமக்கு இந்த இழப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வாங்கும் சின்னப் பறவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். அதை வளர்க்கத் தடையில்லை. சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

அப்படி வளர்ப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெறும் விதை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறைந்து நோய் வரும். கீரை, கேரட், பழம் தினமும் வேண்டும். சாக்லேட், வெண்ணெய்ப்பழம் இரண்டும் நஞ்சு. நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து கிளம்பும் புகை பறவையைக் கொன்றுவிடும், ஆகவே கூண்டு சமையலறைப் பக்கமே வேண்டாம். மிளகாய் கொடுத்தா நல்லா பேசும் என்பது வெறும் பேச்சு, பறவைக்கு மிளகாயின் காரமே உறைக்காது. பல ஆண்டுகளாகக் கூண்டில் இருக்கும் நாட்டுக்கிளியைத் திடீரென்று பறக்க விட்டாலும் அது பிழைக்காது. வனத்துறையிடமோ மீட்பு மையத்திடமோ ஒப்படைப்பதே முறை.

டில்லியின் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் பெங்களூரின் சாலை மரங்களிலும் மாலையானால் பச்சைக்கிளிக் கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு வந்து அடைகிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். கிளி தன் மொழியில் பேசுவதை அங்கேதான் கேட்க முடியும்.