வன்பொருள் இணக்கமும் நீள்கால ஆதரவும்: அரசு மடிக்கணினியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

ஒரு கணினியின் உறுப்புகளும் இயங்குதளமும் இன்று பழுதின்றிச் சேர்ந்து இயங்குவதை ‘இணக்கம்’ என்கிறோம். அந்த நிலை பாதுகாப்புத் திருத்தங்களோடு ஆண்டுகள் கடந்தும் நீடிப்பதை ‘நீள்கால ஆதரவு’ என்கிறோம். இரண்டையும் பிணைப்பது ‘இயக்கி’. இது வன்பொருளுக்கும் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கும் இடையே நின்று வேலை செய்யும் நிரல். இயக்கி எங்கே இருக்கிறது, அதை யார் பேணுகிறார்கள் என்பதே கணினியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது நம் கருத்து.

2. ஆய்வுக்களம்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. மாநில அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோஸும், டெபியன் என்ற லினக்ஸ் தளத்தை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டன. தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள, உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைப்போர் வீடுகளுக்கு, கணினி என்பது இயன்றவரை நெடுநாள் உழைக்க வேண்டிய பொருள். ஆகவே கணினியின் ஆயுள் பற்றிய கேள்விக்கு உரிய களம் இதுவே.

3. இணக்கத்தின் வகைகள்

இணக்கத்தை மூன்றாகப் பகுக்கலாம். இயக்கி கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருப்பது உள்ளிணக்கம். தயாரிப்பாளரோ பிறரோ தரும் இயக்கியைத் தனியே நிறுவ வேண்டியிருப்பது புறவிணக்கம். கருவி இயங்கியும் அதன் பணிகளுள் சில கிட்டாதிருப்பது குறையிணக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு: டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற வைஃபை டாங்கிளின் முதல் பதிப்பில் இருப்பது ஏதெராஸ் ஏஆர்9271 சில்லு. அதன் இயக்கி லினக்ஸ் கர்னலிலேயே உண்டு. செருகியதும் வேலை செய்யும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு. மாடல் பெயர் மாறவில்லை; ஆனால் வாங்கியவர்கள் பலர் புற இயக்கியைத் தேட நேர்ந்தது. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பாமல், பதிப்பு எண்ணையும் சில்லையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் இணைப்பிகள் அரித்து உறுப்புகளை மாற்ற நேரும் கடற்கரை ஊர்களில் எந்தச் சில்லு என்ற கேள்வி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மீண்டும் எழும்.

4. காரணங்கள்

விண்டோஸ் போன்ற வணிக இயங்குதளம் இயக்கிகளுக்கான இடைமுகத்தைப் பெரிதும் நிலையாக வைக்கிறது. தயாரிப்பாளர்களும் முதலில் அதற்கே இயக்கி எழுதுகிறார்கள். புதிய கருவிகளில் அதன் இணக்கம் மேலோங்குவது இதனால்தான். லினக்ஸ் கர்னலோ தன் உள் இடைமுகங்களை வேண்டும்போது மாற்றிக்கொள்கிறது. மாற்றுபவரே கர்னலுக்குள் உள்ள இயக்கிகளையும் திருத்திவிடுவார். வெளியே உள்ளவை தாமாகத் திருந்தா. சில பதிப்புகளுக்குப் பின் செயலிழக்கும். உள்ளிணக்கம் நீடிப்பதற்கும் புறவிணக்கம் தேய்வதற்கும் ஒரே காரணம் இதுவே.

5. ஆதரவின் நிலைகள்

வணிகத் தளத்தில் முழு ஆதரவு, பாதுகாப்பு ஆதரவு, முடிவு என நிலைகள் முன்கூட்டியே நாள் குறிக்கப்படுகின்றன. விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல் வேண்டும். 2011-இன் மடிக்கணினி அந்த வாசலைத் தாண்டாது.

திறமூலத் தளமான டெபியனின் ஒரு பதிப்புக்கு மூன்றாண்டு ஆதரவும், அதன்பின் இரண்டாண்டு நீள்கால ஆதரவும் உண்டு. இக்காலம் குறுகியதே. ஆனால் அடுத்த பதிப்பு விலையின்றி அதே கணினியில் ஏறும். இதற்கும் எல்லை உண்டு: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது.

6. முடிவு

புதுக்கருவிக்கு உடனடி இணக்கமே தேவையெனில் வணிகத் தளம் சிறந்தது. ஒரே கணினி பத்தாண்டு தாண்டி உழைக்க வேண்டுமெனில் உள்ளிணக்கம் கொண்ட திறமூலத் தளம் சிறந்தது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்துள்ளது. இத்தகைய கொள்முதல்களில், ஒவ்வொரு உறுப்பின் இயக்கியும் லினக்ஸ் கர்னலுக்குள் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளி நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும்.